ஆட்டக் கணக்கு – 9: யாரும் அடிக்காத 52 ரன்

சென்ற இதழில் 1934 நவம்பர் 4ஆம் தேதியில், சேப்பாக்கத்தில் நிறுத்தியிருந்தேன். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மெட்ராஸுக்கும் மைசூருக்கும். எம்.ஜே. கோபாலன் முதல் பந்தை வீச, ஏ.ஜி. ராம் சிங் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டைச் சாய்க்க, ஒரே நாளில் ஆட்டம் முடிந்து அவரவர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். இந்த வாரக் கதை அந்த ராம் சிங்கின் பேரனிடம் தொடங்குகிறது.

1989 ஜனவரி, பனாஜி. தமிழ்நாடு ஆடுகிறது, எதிரில் கோவா. ரஞ்சிக் கோப்பைக்குள் கோவா வந்தே மூன்று நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ்நாடோ அதற்கு முந்தைய சீசனில் கோப்பையை வென்ற அணி. இடது கை ஆட்டக்காரர் டபிள்யூ.வி. ராமன் 313 அடித்தார். ராம் சிங்கின் பேரன், கிருபால் சிங்கின் மகன் அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. முதல்தரக் கிரிக்கெட் தொடங்கிய நாளிலிருந்து ஒரே இன்னிங்ஸில் இரண்டு பேர் முச்சதம் அடித்தது அதுவரை நடந்ததே இல்லை. ஆறு விக்கெட்டுக்கு 912 என்ற நிலையில் தமிழ்நாடு டிக்ளேர் செய்தது.

912 என்ற எண்ணுக்கு இந்தியாவில் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருந்தார். 1945–46இல் ஹோல்கர் அணி இந்தூரில் அதே மைசூரைப் பிடித்து எட்டு விக்கெட்டுக்கு 912 எடுத்திருந்தது. ஒரே இன்னிங்ஸில் ஆறு பேர் சதம். நாற்பத்துமூன்று வருஷம் கழித்து, ஒரு ரன் கூடாமல் குறையாமல் தமிழ்நாடும் அங்கேயே வந்து நின்றது. பட்டியலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

ஆனால் தமிழ்நாட்டின் 912க்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு உண்டு. அதில் 52 ரன் மட்டையால் வந்ததே அல்ல. கோவா தன் ஓவர்களை உரிய வேகத்தில் வீசி முடிக்கவில்லை. அதற்கான தண்டனையாக எதிரணிக்குத் தூக்கிக் கொடுத்த ரன் அது. கழித்துப் பார்த்தால் 860. நாள் முழுக்க வெயிலில் பந்து பொறுக்கிய கோவாக்காரர்களுக்கு, ஓடி ஓடி நேரமாகிவிட்டது என்பதற்காக மேலும் ஒரு அபராதம். எனக்கு அவர்கள் மேல்தான் இரக்கம் வருகிறது.

ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகியவர்களுக்கு இந்த 52 எவ்வளவு தொல்லை என்று தெரியும். புத்தகத்தில் கணக்கு இரண்டு பக்கமாக ஓடும். மேலே மட்டையாளர்கள்; ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் எடுத்த ஒன்று, இரண்டு, நாலு, ஆறு. கீழே பந்து வீசியவர்கள். ஓவருக்கு ஒரு கட்டம், ரன் இல்லாத பந்துக்கு ஒரு புள்ளி, ஆறும் புள்ளியானால் அவற்றைக் கோட்டால் இணைத்து ‘எம்’ போடுவார்கள், அது மெய்டன். மேலே உள்ளதைக் கூட்டி எக்ஸ்ட்ராவைச் சேர்த்தால் வருவதும், பந்து வீச்சாளர்கள் விட்டுக்கொடுத்ததைக் கூட்டி பை, லெக் பை சேர்த்தால் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரன் இடித்தாலும் ஸ்கோரர் எழுந்து போக முடியாது. இருட்டினாலும் உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தேட வேண்டும். அபராத ரன் மேலே எந்த மட்டையாளர் பெயரிலும் ஏறாது. கீழே எந்தப் பந்து வீச்சாளர் தலையிலும் விழாது. யாரும் அடிக்காமல், யாரும் கொடுக்காமல், மொத்தத்தில் மட்டும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ராமனுக்கு அந்த சீசன் சும்மா போகவில்லை. 1018 ரன் எடுத்து, 1944–45இல் ருசி மோடி எடுத்த 1008ஐத் தாண்டினார். அதற்கும் ஒரு அடிக்குறிப்பு கேட்டால் இருக்கிறது: மோடியின் அந்த சீசன் சராசரி 201.60. பழைய ஆட்கள் விடுவார்களா, அதைச் சொல்லித்தான் வாதாடுவார்கள். 912ஐ 1994 ஜனவரியில் ஹைதராபாத் முறியடித்தது. ஆந்திராவுக்கு எதிராக 944, எம்.வி. ஸ்ரீதர் 366.

சாதனைக்குக் கீழே குறிப்பெழுதும் இந்தப் பழக்கத்தில் நம்மையும் விஞ்சியவர்கள் அமெரிக்கர்கள். அவர்கள் ஊர் பேஸ்பாலில் புள்ளிவிவரம் என்பது ஒரு தனி மதம். அந்த மதத்தை அங்கே நட்டவர் ஒரு கிரிக்கெட் நிருபர் என்பதுதான் வேடிக்கை. இங்கிலாந்தில் எக்ஸிடரில் 1824இல் பிறந்து, சிறுவனாகவே புரூக்ளின் போய்ச் சேர்ந்தவர் ஹென்றி சாட்விக். நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர், பேஸ்பால் பக்கம் திரும்பியபோது கிரிக்கெட் ஸ்கோர் அட்டையையும் கூடவே எடுத்துப் போனார். ஆட்டம் முழுவதையும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்து 1859இல் அவர் அச்சிட்டுக் காட்டிய வடிவம்தான், மாற்றங்களோடு இன்றுவரை அங்கே ஓடுகிறது. ஆக, பேஸ்பால் சாதனைப் பட்டியல்களுக்கும் பனாஜி ஸ்கோர் புத்தகத்துக்கும் பாட்டன் அந்தக் கிரிக்கெட் ஸ்கோர் அட்டைதான்.

1927இல் பேப் ரூத் ஒரே சீசனில் 60 ஹோம் ரன் அடித்தார். முப்பத்துநாலு வருஷம் அதை யாரும் தொடவில்லை. 1961இல் ரோஜர் மாரிஸ் 61 அடித்தார். உடனே சண்டை தொடங்கிவிட்டது. ரூத் காலத்தில் சீசனுக்கு 154 ஆட்டம், மாரிஸுக்கு 162. எட்டு ஆட்டம் கூடுதலாக ஆடி ஒன்று கூடுதலாக அடித்தால் அது சாதனையா? அப்போது பேஸ்பால் ஆணையராக இருந்த ஃபோர்டு ஃபிரிக், ரூத்துக்கு நெருங்கிய நண்பர். இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாரிஸின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உண்மையில் அதிகாரப்பூர்வமான புத்தகம் எதிலும் அந்த நட்சத்திரம் அச்சாகவே இல்லை. இரண்டு வரியாகப் பிரித்து எழுதினார்கள், அவ்வளவுதான். ஆனாலும் இல்லாத நட்சத்திரம் மாரிஸின் ஆயுள் முழுக்கக் கூடவே வந்தது. அவர் 1985இல் இறந்தார். 61ஐத் தனியாகவே முழுச் சாதனையாக ஏற்றது 1991இல்.

பிற்பாடு நட்சத்திரம் நிஜமாகவே வந்தது. ஹேங்க் ஆரனின் 755ஐத் தாண்டி 2007இல் பாரி பாண்ட்ஸ் 756ஆவது ஹோம் ரன் அடித்தார். ஊக்கமருந்துக் குற்றச்சாட்டு அவரைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம். அந்தப் பந்தை மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏழரை லட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்து, இதை என்ன செய்யலாம் என்று மக்களிடம் வாக்குக் கேட்டார். வந்த தீர்ப்புப்படி பந்தின் தோலில் நட்சத்திரக் குறியைப் பொறித்து, கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவைத்தார். பாண்ட்ஸின் மொத்தக் கணக்கு 762. ஜப்பானில் சதஹாரு ஓ அடித்ததோ 868. அது எங்கள் கணக்கில் சேராது, அங்கே மைதானம் சிறியது என்று அமெரிக்கர்கள் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

நம் பக்கத்தில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவர் முரளிதரன். தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பத்தின் பேரன். தூத்துக்குடியில் கப்பலேறிய நெல்லைக் குடும்பங்களின் வாரிசுகள் இன்னமும் அந்த மலைகளில் இருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, முரளி பந்து போட்டால் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இலங்கைக்கு ஆள் சேர்ந்துவிடும். 2010 ஜூலை 22, காலி மைதானம். ஓய்வு பெறும் ஆட்டத்தில், தான் டெஸ்டில் வீசிய கடைசிப் பந்தில், பிரக்யான் ஓஜாவை மஹேல ஜெயவர்தனேவிடம் கேட்ச் கொடுக்க வைத்து 800ஐத் தொட்டார். 1995 பாக்சிங் டே அன்று மெல்போர்னில் டாரல் ஹேர் ‘நோ பால்’ என்று கத்தியதையும், முழங்கை 15 டிகிரி வரை நிமிரலாம் என்று பிறகு விதியே மாறியதையும் எல்லாரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாத குறிப்பு வேறு ஒன்று: அந்த 800இல் ஐந்து, இலங்கைக்காக எடுத்ததே அல்ல. 2005 அக்டோபரில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உலக லெவன் என்று ஒரு அணியைத் திரட்டி ஆடவிட்டு, அதை டெஸ்ட் என்றே ஐசிசி அறிவித்தது. அந்த ஐந்தைக் கழித்தால் இலங்கைக்கு 795. வார்னின் 708 எப்படிப் பார்த்தாலும் பின்னால்தான். ஆனால் அந்தக் கடைசிப் பந்தின் நாடகம்? ஓஜா 795ஆவது ஆளாகியிருந்தால் அதை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

இனி தாமிரபரணிக்கு வருவோம். இந்த ஆற்றங்கரை ஸ்கோர் அட்டையில் ஏறியதைவிட அட்டைக்குப் பின்னால் செய்தது அதிகம். கல்லிடைக்குறிச்சியின் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயர் வங்கித் தொழிலில் ஊன்றியவர். அவரும் டி.எஸ். நாராயணசாமியும் 1946இல் இந்தியா சிமென்ட்ஸைத் தொடங்கினார்கள். நெல்லைக்கு வடக்கே தாழையூத்தில் பூமிக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல்லை நம்பி 1949இல் ஆலை ஓட ஆரம்பித்தது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு ஐயர் பெயரில் சங்கர் நகர் என்று பெயர் வந்தது. ஐயரின் பேரன்மார் வழியில் வந்த சன்மார் குழுமம் வளர்த்ததுதான் சென்னை லீகின் ஜாலி ரோவர்ஸ். நாராயணசாமியின் மகன் என். சீனிவாசன் கிரிக்கெட் வாரியத்துக்கும் பிறகு ஐசிசிக்கும் தலைமை வகித்தவர். 2008இல் சென்னை சூப்பர் கிங்ஸைத் தொடங்கியதும் இந்தியா சிமென்ட்ஸ்தான். பந்தடிக்கிறவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்து, காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மதியம் வலைப்பயிற்சிக்குப் போ என்று சொன்ன கம்பெனிகளின் தயவில்தான் தமிழ்நாட்டுக் கிரிக்கெட் பல பத்தாண்டு ஓடியது. அதில் இரண்டு பெரிய வீடுகளுக்கு வேர் இந்த ஒரே ஆற்றுப் படுகையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் ஆலைக் கம்பெனி அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அது வேறு கதை.

சங்கர் நகரில் ஆலைக்கு ஒரு மைதானம் உண்டு. மதுரைச் சாலையில் போகிறவர்கள் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள், மைதானத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2016இல் டிஎன்பிஎல் எனப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது அதற்கு விளக்குக் கம்பம் வந்தது. டிவியில் திருநெல்வேலி என்று ஊர் பெயர் வந்தது. அதுவரை பெரிய ஆட்டம் என்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். இங்கே எங்களுக்கு வாய்த்தது பாளை வ.உ.சி. மைதானமும், கோடையில் ஆற்று மணலும், டென்னிஸ் பந்தும்தான். அந்த ஆட்டங்களில் சாதனைக்கு முந்தி விதியைப் பேசித் தீர்க்க வேண்டும்: காம்பவுண்டுக்குள் நேராக விழுந்தால் அவுட், தண்ணீரில் விழுந்தால் இரண்டு ரன், ஆள் குறைந்தால் பொதுக் கீப்பர். அடிக்குறிப்பை முதலில் எழுதிவிட்டுத்தான் ஆட்டத்தையே தொடங்குவோம்.

2022 ஜூன் 23 இரவு அந்த சீசனின் முதல் ஆட்டம் சங்கர் நகரில். நெல்லை ராயல் கிங்ஸுக்கு எதிராகச் சேப்பாக் சூப்பர் கில்லீஸ். சேப்பாக்கின் தொடக்க ஆட்டக்காரர் நாராயண் ஜெகதீசன், கோவைக்காரர். பந்து கையைவிட்டுப் போகுமுன் அவர் மறுமுனையில் கோட்டைத் தாண்டியிருந்தார். பந்து வீச வந்த நெல்லையின் பாபா அபராஜித் நின்று, குச்சியைத் தட்டிவிட்டார். ரன் அவுட். 1947இல் சிட்னியில் பில் பிரவுனை வினு மன்கட் இப்படித்தான் வெளியேற்றினார். அன்றிலிருந்து இந்த அவுட்டுக்கு ஒரு இந்தியரின் பெயரே வசையாக ஒட்டிக்கொண்டது. எம்சிசி இதை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட் விதிக்குள் வைப்பதாக அறிவித்தது அதே 2022 மார்ச்சில். நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 1. ஜெகதீசன் அவுட்டானது இரண்டுக்கும் நடுவில். கோபத்தில் விரலைக் காட்டிவிட்டுப் போனார், பிறகு பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். ஆட்டம் ‘டை’ ஆகி, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. மறுநாள் யாரும் சூப்பர் ஓவரைப் பேசவில்லை, விரலைத்தான் பேசினார்கள்.

ஐந்து மாதம் போனது. நவம்பர் நடுவில் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜெகதீசனை விடுவித்தது. அவரோ அதே வாரங்களில் விஜய் ஹசாரே கோப்பையில் சதத்துக்கு மேல் சதம் அடித்துக்கொண்டிருந்தார். ஆந்திராவுக்கு எதிராக 114, சத்தீஸ்கர் 107, கோவா 168, ஹரியாணா 128. நவம்பர் 21, பெங்களூர் சின்னசாமி மைதானம். எதிரணி அருணாசலப் பிரதேசம். 141 பந்து, 25 பவுண்டரி, 15 சிக்ஸர், 277 ரன். லிஸ்ட் ஏ எனப்படும் உள்ளூர், சர்வதேச ஒருநாள் ஆட்டங்கள் எல்லாவற்றையும் சேர்த்து அதுவரை அவ்வளவு யாரும் அடித்ததில்லை. இங்கிலாந்தின் அலிஸ்டர் பிரவுன் 2002இல் அடித்த 268 போனது. தொடர்ந்து நான்கு சதம் என்று சங்கக்காரா முதலியோர் வைத்திருந்த சாதனையும் அன்றே போனது, இது ஐந்தாவது. சாய் சுதர்சன் 154. இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தது 416. தமிழ்நாடு இரண்டு விக்கெட்டுக்கு 506, ஐம்பது ஓவரில் ஐந்நூறைத் தாண்டிய முதல் அணி. அருணாசலம் 71க்குச் சுருண்டது. வித்தியாசம் 435 ரன். அந்த சீசனை அவர் 830 ரன்னோடு முடித்து, பிருத்வி ஷாவின் 827ஐயும் தாண்டினார். ஏழு வாரத்துக்கு முன்புதான் அமெரிக்காவில் ஆரன் ஜட்ஜ் 62ஆவது ஹோம் ரன் அடித்து, மாரிஸின் 61ஐ அமெரிக்கன் லீக் பட்டியலின் உச்சியிலிருந்து இறக்கியிருந்தார்.

எல்லாரும் உடனே குறிப்பெழுதினார்கள்: அருணாசலம்தானே! லோதா குழுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 2018–19இல்தான் வடகிழக்கு மாநிலங்களோடு அதுவும் உள்ளே வந்தது. குறிப்பு சரிதான். ஆனால் அந்தக் குறிப்பை எழுதுகிறவர்கள் எல்லாச் சாதனைக்கும் எழுத வேண்டும். மைசூர் 1934இலும் 1945–46இலும் யாரோடு என்ன நிலையில் ஆடியது? 1989 கோவா? பலமான அணிகளிடம் முச்சதம் அரிது. சாதனை என்பதே பெரும்பாலும் பொருத்தமில்லாத ஜோடியின் பிள்ளை. அதே அருணாசலத்தோடு மற்றவர்களும் ஆடினார்கள். 277 வந்தது ஒருவருக்குத்தான். இதுதான் என் கட்சி.

அருணாசலத்தின் கதை அதோடு நிற்கவில்லை. 2024 நவம்பரில் போர்வோரிமில் ரஞ்சி பிளேட் பிரிவு ஆட்டம். காஷ்யப் பக்லே ஆட்டமிழக்காமல் 300, ஸ்னேஹல் கௌதங்கர் ஆட்டமிழக்காமல் 314, இருவரும் பிரியாமல் சேர்த்தது 606. ரஞ்சிக் கோப்பையில் ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம் வந்தது இது இரண்டாவது முறை. அடித்த அணி எது தெரியுமா? கோவா. பனாஜியில் வாங்கியதை முப்பத்தைந்து வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஓர் அணியிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 டிசம்பரில் பீகார் 574 எடுத்துத் தமிழ்நாட்டின் 506ஐ முறியடித்தபோது எதிரே நின்றதும் அருணாசலம்தான். சாதனைப் பட்டியலில் இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை வரியில் பெயர் வந்த அணி எனக்குத் தெரிந்து வேறு இல்லை, எதிரணி என்ற கட்டத்தில்.

சங்கர் நகரின் பங்குக்கு ஒரு இரவைச் சொல்லியாக வேண்டும். 2023 ஜூலை 10, டிஎன்பிஎல் இறுதிப் போட்டிக்கான தகுதி ஆட்டம். திண்டுக்கல் 185 எடுத்திருந்தது. நெல்லைக்குக் கடைசி 12 பந்தில் 37 தேவை. 19ஆவது ஓவரில் அஜிதேஷ் குருசாமியும் ரித்திக் ஈஸ்வரனும் சேர்ந்து 33 அடித்தார்கள். மீதி ஆறு பந்தில் நாலு ரன், முடிந்தது என்று எழுந்தவர்கள் மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. கடைசிப் பந்து வரை இழுத்து, அதை ஈஸ்வரன் சிக்ஸருக்கு அனுப்பித்தான் முடித்தார். அவர் எடுத்தது 11 பந்தில் 39, அஜிதேஷ் 73. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் இறுதிப் போட்டி. கோவை 205 எடுத்தது, நெல்லை 104 ரன் வித்தியாசத்தில் தோற்றது. நாலு ரன்னுக்கு ஆறு பந்தும் தேவைப்பட்ட அந்தக் கடைசி ஓவருக்கு இன்னும் யாரும் குறிப்பு எழுதவில்லை.

அடுத்த இதழில் 1947க்குப் போகிறோம்: இலங்கையிலிருந்து வந்த மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் அடித்த 215.